மீட்டர் போர்டுக்குப் பக்கத்தில் ஒரு கணினி: கிருஷ்ணகிரிக் கடை செய்துகொடுத்த வேலை

தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரிக்கு நாள்தோறும் காரில் போய்வருகிறவன் நான். 2012-இல் வாங்கிய சிறிய பெட்ரோல் கார். டிஎன் 29 பதிவு. அதன் மீட்டர் போர்டில் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் கிடையாது. இன்ஜினைச் சுற்றி ஓடி அதன் சூட்டைத் தணிக்கும் திரவமான கூலன்ட் குளிர்ந்திருந்தால் ஒரு நீல விளக்கு எரியும், எல்லை மீறிச் சூடேறினால் ஒரு சிவப்பு விளக்கு எரியும். இரண்டுக்கும் இடையில் என்ன நடக்கிறது என்பது ஓட்டுகிறவனுக்குத் தெரியவே தெரியாது. மாதம் இருமுறை சேலம் போய்த் திரும்பும்போது தொப்பூர் கணவாயில் லாரிகளுக்குப் பின்னால் இரண்டாவது கியரில் ஏறிவருகையில் இந்தத் தெரியாமை என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. காருக்குள் ஒரு சிறிய கணினியைப் பொருத்தி, இன்ஜின் சொல்லும் எண்களை ஒரு திரையில் பார்க்கலாம் என்று பொறியியல் இறுதியாண்டு படிக்கும் என் தங்கை மகன் சொன்னபோது உடனே ஒப்புக்கொண்டதற்கு இதுதான் காரணம். பாட்டும் வரைபடமும் பிறகு சேர்ந்தவை.

மென்பொருள் அவன் பொறுப்பு, வயரிங் வேலை கிருஷ்ணகிரியில் ராயக்கோட்டை ரோடு பக்கம் உள்ள ஒரு கார் எலக்ட்ரீசியன் கடையின் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டோம். கடையின் பெயரை எழுதப்போவதில்லை. நல்லதோடு குறையையும் சொல்ல வேண்டியிருக்கிறது, அவர் அடுத்த மாதமும் என் காரில் கை வைக்க வேண்டியவர். பொருத்தி இப்போது பதினோரு மாதங்கள் ஆகின்றன.

பொருள்களை நாங்களே பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் வாங்கிவந்தோம். 4 ஜிபி நினைவகம் கொண்ட ராஸ்பெர்ரி பை 4 என்னும் சிறிய கணினிப் போர்டு, அகலத்தில் 1024 புள்ளிகளும் உயரத்தில் 600 புள்ளிகளும் கொண்ட ஏழு அங்குலத் தொடுதிரை, ஒரு ஜிபிஎஸ் மாட்யூல், இன்ஜின் விவரங்களை வெளியே எடுப்பதற்காக ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் பதினாறு முனை ஓபிடி சாக்கெட்டில் செருகும் ஓர் அடாப்டர் எனச் சுமார் 13,000 ரூபாய் ஆனது. கடைக்கூலி 4,500. பின்னால் நேர்ந்த தவறுகளைச் சரிசெய்ததில் இன்னும் ஒரு 4,600 போயிற்று. அதன் கதை கீழே வருகிறது.

முதலில் கடையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அங்கே டிராக்டரும் மாங்காய் ஏற்றும் வேன்களும்தான் முக்கியமான வேலை. செல்ஃப் மோட்டார், டைனமோ, ஹெட்லைட் வயரிங் என்று காலை எட்டு மணிக்கே வரிசை நின்றுவிடும். ஜூன் மாதத்தில் நான் போய்க் கேட்டபோது, கூழ் ஆலைகளுக்குப் பெங்களூரா மாங்காய் ஓடிக்கொண்டிருந்த நேரம் என்பதால், "சீசன் முடியட்டும் சார், இப்ப உங்க டிவியை மாட்ட நேரமில்ல" என்று சிரித்தபடியே திருப்பி அனுப்பிவிட்டார். ஆகஸ்டில்தான் கார் கடைக்குள் நுழைந்தது. அவர் கடைசி வரை அதை டிவி என்றே சொன்னார் என்பதையும் இங்கே குறித்துவைக்கிறேன்.

அவர் வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது, காரின் மூல வயரிங்கில் ஓரிடத்தில்கூடக் கத்தரி வைக்காததுதான். ஸ்டீரியோவுக்குப் பின்னால் இருக்கும் கப்ளருக்கு இணையான ஆண், பெண் கப்ளர் ஜோடியை வாங்கிவந்து, அதற்கு நடுவிலிருந்து எப்போதும் மின்சாரம் இருக்கும் மெயின் லைன், சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும் கீ லைன், எர்த் மூன்றையும் எடுத்தார். முறுக்கி டேப் சுற்றும் பழக்கம் அவரிடம் இல்லை. ஒவ்வோர் இணைப்பையும் சால்டர் வைத்து, ஸ்லீவ் போட்டு, லைட்டரால் சுருக்கினார். நாளைக்கே அனைத்தையும் கழற்றி வீசினாலும் கார் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். இன்சூரன்ஸ்காரரோ சர்வீஸ் சென்டர்காரரோ கேள்வி கேட்டால் பதில் சொல்ல இது உதவும்.

இனிக் குறை. கணினிக்கு வேண்டியது 5 வோல்ட். காரில் இருப்பது பெயரளவில் 12 வோல்ட். இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட்டுக்கு மேலேகூடப் போகும், செல்ஃப் அடிக்கும் நொடியில் 9 வோல்ட்டுக்கும் இறங்கும். இடையில் ஒரு கன்வர்ட்டர் வேண்டும். எல்எம் 2596 சிப் கொண்ட ஒரு சிறிய போர்டைக் கடையிலேயே வைத்திருந்தார். 3 ஆம்பியர் தாங்கும் என்று சொல்லி அதையே மாட்டினார். அதிலிருந்து கணினிக்கு இழுத்த வயர், இன்டிகேட்டர் பல்புக்கு இழுக்கும் அதே மெல்லிய வயர். 12 வோல்ட் பல்பில் அரை வோல்ட் குறைந்தால் வெளிச்சம் ஒரு துளி மங்கும், யாரும் கவனிக்க மாட்டார்கள். 5 வோல்ட்டில் அதே அரை வோல்ட் என்பது பத்தில் ஒரு பங்கு. திரையின் மூலையில் மின்னல் குறி விட்டுவிட்டு வந்துகொண்டே இருந்தது. மின்னழுத்தம் ஏறத்தாழ 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கும்போது ராஸ்பெர்ரி பை காட்டும் எச்சரிக்கை அது. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் கன்வர்ட்டரின் வாயில் 5.1 வோல்ட், கணினியின் வாயில் 4.5 வோல்ட். இருபது ஆண்டுகள் கார் வயரிங் செய்தவருக்கு இது புதிய பாடம் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. மறுபேச்சுப் பேசாமல் தடித்த வயரைப் போட்டு மாற்றிக்கொடுத்தார், கூலி கேட்கவில்லை.

இரண்டாவது தவறு அதைவிடப் பெரியது, அதில் எனக்கும் பங்கு உண்டு. சாவியைத் திருப்பினால் உயிர் பெற்று, எடுத்தால் அணைய வேண்டும் என்றால் கீ லைனிலிருந்து மின்சாரம் எடுக்க வேண்டும். ஆனால் பல கார்களில் செல்ஃப் அடிக்கும்போது, மோட்டாருக்கு முழு மின்சாரமும் கிடைக்கட்டும் என்று, ஸ்டீரியோவுக்குப் போகும் லைன் ஒரு கணம் துண்டிக்கப்படும். அந்தக் கணத்தில் கணினியும் அணைந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கும். "கீ லைன்ல கொடுத்தா செல்ஃப் அடிக்கறப்ப கட் ஆகுது சார், மெயின்லயே கொடுத்துடறேன், நீங்க ஸ்க்ரீனை மட்டும் ஆஃப் பண்ணிக்குங்க" என்றார். நானும் தலையாட்டினேன். வெள்ளி இரவு ரயிலேறிச் சென்னை போனவன் செவ்வாய் இரவு வீடு திரும்பினால், கார் கதவைத் திறக்கும்போது உள்விளக்குகூட எரியவில்லை. திரை இருண்டிருந்தாலும் கணினி உள்ளே விழித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. ஏறக்குறைய 0.4 ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 9.6 ஆம்பியர்-மணி, என் காரில் இருப்பது 35 ஆம்பியர்-மணி பேட்டரி, நான்கு நாள் கணக்கை யாரும் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். மறுநாள் காலை பக்கத்து வீட்டுக்காரரின் காரிலிருந்து ஜம்பர் கேபிள் கொடுத்துத்தான் வண்டியை எழுப்பினேன்.

இதற்கு ஒரு மாதம் முன்னால், சோதனை நாள்களிலேயே, வேறொரு கோணத்திலிருந்தும் அடி விழுந்திருந்தது. கணினி எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் மின்சாரம் பட்டென்று நின்றால் மெமரி கார்டில் உள்ள கோப்புகள் சிதையும். இரண்டு முறை அப்படிச் சிதைந்து, இரண்டு முறையும் பையன் உட்கார்ந்து எல்லாவற்றையும் புதிதாக நிறுவினான். ஆக, மின்சாரத்தை விட்டுவைத்தாலும் தப்பு, வெடுக்கென்று எடுத்தாலும் தப்பு. காருக்குள் கணினி வைப்பதில் உள்ள சிக்கல் முழுவதும் இந்த இரண்டு வரிகளுக்குள் அடங்கிவிடும் என்பேன். திரை எவ்வளவு பெரியது, மென்பொருள் எவ்வளவு அழகானது என்பதெல்லாம் இதைத் தீர்த்த பிறகு பேச வேண்டிய பேச்சு.

தீர்வைப் பையன் தாளில் வரைந்து கொடுக்க, கடைக்காரர் கட்டினார். சாவி திரும்பியதும் டைமர் ரிலே என்னும், குறித்த நேரத்தில் தானே இணைத்துத் துண்டிக்கும் ஒரு சுவிட்ச் மூடிக்கொண்டு, 8 வோல்ட் வரை இறங்கினாலும் தளராத 5 ஆம்பியர் கன்வர்ட்டருக்கு மின்சாரம் தரும். சாவியை எடுத்ததும் அந்தச் செய்தி மட்டும் தனி வயரில் கணினிக்குப் போகும். கணினி பன்னிரண்டு நொடிகளில் தன் கடையைத் தானே மூடிக்கொள்ளும். அறுபதாவது நொடியில் ரிலே எல்லாவற்றையும் துண்டிக்கும். செல்ஃப் அடிக்கும்போது வரும் கண நேரத் துண்டிப்பை ரிலே பொருட்படுத்தாது. போதாததற்கு, மெமரி கார்டில் எதையும் எழுதாமல் நினைவகத்திலேயே வேலை செய்யும்படி அமைப்பையும் பையன் மாற்றிவைத்தான்.

இந்த வேலையின்போது ஒரு விபத்து நூலிழையில் தப்பியது. சாவிச் செய்தியைச் சொல்லும் வயரைக் கடைக்காரர் நேரடியாகக் கணினியின் முனையில் வைக்கப் போனார். அந்த முனை தாங்குவது 3.3 வோல்ட்; வயரில் இருந்தது 12 வோல்ட். "அண்ணா, வைக்காதீங்க!" என்று பையன் போட்ட சத்தத்தில் பக்கத்தில் டிராக்டருக்குக் கீழே படுத்திருந்தவர்கூட எட்டிப்பார்த்தார். பிறகு, மின்சாரத்தைக் கடத்தாமல் ஒளியால் செய்தியை மட்டும் கடத்தும் பிசி 817 என்னும் சிறிய சிப்பை நடுவில் வைத்து இணைத்தார்கள். அது பத்து ரூபாய்ப் பொருள். அது இல்லாவிட்டால் பல ஆயிரம் ரூபாய்ப் போர்டு ஒரு நொடியில் போயிருக்கும். எந்தக் கடையில் கொடுத்தாலும் இந்த ஓர் இணைப்பின்போது மட்டும் பக்கத்திலேயே நில்லுங்கள்.

குறைகளை இவ்வளவு நீளமாகச் சொன்னதால் அவருடைய திறமையை ஒரு காட்சியில் காட்டியாக வேண்டும். பாட்டு போட்டால் ஸ்பீக்கரில் "ஈ" என்று ஒரு ரீங்காரம் வந்தது. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க அதுவும் சுருதி ஏறியது. பையன் மென்பொருளில் இரண்டு நாள் தேடினான், ஒன்றும் கிடைக்கவில்லை. கடைக்காரர் ஒரு பாட்டும் போடச் சொல்லவில்லை. "ரேஸ் பண்ணுங்க" என்றார், காதைக் கொடுத்தார், "டைனமோ சத்தம்" என்றார். டேஷ்போர்டுக்குக் கீழே குனிந்து, கணினியின் எர்த் வயரை அது முடுக்கப்பட்டிருந்த போல்ட்டிலிருந்து கழற்றி, ஸ்டீரியோவின் எர்த் எங்கே போகிறதோ அங்கேயே கொண்டுபோய்ச் சேர்த்தார். ரீங்காரம் நின்றது. இரண்டு கருவிகளுக்கு இரண்டு இடங்களில் எர்த் கொடுத்தால், இடையில் உள்ள சிறிய மின்னழுத்த வேறுபாடு ஒலிக் கம்பி வழியாகச் சுற்றிவரும் என்று புத்தகம் சொல்லும். அவருக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. ஐந்து நிமிடங்கள்கூட ஆகவில்லை.

இனித் திரையில் என்ன தெரிகிறது என்பதற்கு வருகிறேன். ஓபிடி என்பது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியோடு கேள்வி-பதில் நடத்தும் முறை. கூலன்ட் சூடு என்ன என்று கேட்க அடாப்டர் 01 05 என்று அனுப்பும். 41 05 80 என்று பதில் வந்தால், முதல் இரண்டும் கேள்வியின் எதிரொலி. கடைசி 80 பதினாறடிமான எண், நம் கணக்கில் 128. அதில் 40-ஐக் கழித்தால் 88 டிகிரி செல்சியஸ். எல்லா எண்களும் இப்படி எளிய கணக்கில் வருவதால் பையன் பைத்தான் மொழியில் ஒரு வார இறுதியிலேயே முதல் திரையை எழுதிவிட்டான். ஆனால் என் கார் பழைய கே லைன் முறையில் பேசுகிறது. அதன் வேகம் நொடிக்கு 10,400 பிட் மட்டுமே, புதிய கார்களின் கேன் முறையில் பொதுவாக 5,00,000 பிட். ஆகவே ஐந்தாறு விவரங்களைச் சேர்த்துக் கேட்டால் இன்ஜின் சுழலும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள் வழுக்கிக்கொண்டு நகராமல் நொண்டி நொண்டி நகர்கிறது. பார்க்க அழகாக இல்லை. கேட்கும் விவரங்களைக் குறைத்தோம்: கூலன்ட் சூடு, பேட்டரி வோல்ட், வேகம், ஆர்பிஎம், அவ்வளவுதான்.

அடாப்டரைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த அடாப்டர்களுக்குள் இருக்கும் சிப்பின் பெயர் இஎல்எம் 327; சந்தையில் அந்தப் பெயரில் விற்பவற்றில் பெரும்பாலானவை நகல்கள். மூலச் சிப்பைச் செய்த கனடா நாட்டு நிறுவனம் 2022-இல் மூடப்பட்டுவிட்டது. 2.1 என்று பதிப்பு எண் போட்டிருந்த முதல் அடாப்டர் பாதிக் கட்டளைகளுக்குப் பதிலே தரவில்லை. திருப்பிக் கொடுத்து வேறொன்று வாங்கினோம். பெட்ரோல் டேங்கின் அளவை என் கார் ஓபிடியில் சொல்வதே இல்லை. மைலேஜ் கணக்கு ஒரு ஊகம்தான்: திரை 18.9 என்று காட்டிய ஒரு மாதத்தில், டேங்க் நிரப்பி நிரப்பிக் கணக்குப் பார்த்தால் 16.4 வந்தது. அந்தக் கட்டத்தைத் திரையிலிருந்தே எடுத்துவிட்டேன்.

வேக எண்தான் எதிர்பாராத வேடிக்கை. கிருஷ்ணகிரி டோல் கேட்டைத் தாண்டி, நேர்ச்சாலையில் காரின் சொந்த மீட்டர் 80 காட்டும்போது ஜிபிஎஸ் 75 அல்லது 76 காட்டுகிறது. மீட்டர் பழுது என்று எண்ணிவிட வேண்டாம். உண்மை வேகத்தைவிட மீட்டர் ஒருபோதும் குறைத்துக் காட்டக் கூடாது என்பது விதி என்பதால், தயாரிப்பவர்கள் சற்றே கூட்டிக் காட்டும்படிதான் அமைக்கிறார்கள். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: காரின் மூல மீட்டர் போர்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் திரையை வைப்பது படத்தில் பார்க்க நன்றாக இருக்கும், நான் செய்ய மாட்டேன். கணினி விழித்துத் திரை வர முப்பத்தைந்து நொடிகள் ஆகின்றன. அதற்குள் நான் எங்கள் தெருவைத் தாண்டி மெயின் ரோட்டுக்கு வந்துவிடுவேன். அந்த நேரத்தில் வேகமும் எச்சரிக்கை விளக்குகளும் இல்லாத கார் சாலையில் இருக்கக் கூடாது. பின்பக்கக் கேமராவை இதோடு இணைக்க வேண்டாம் என்று முடிவு செய்ததும் இதனால்தான்.

வெயிலைப் பற்றி இந்த ஊரில் இருந்துகொண்டு பேசாமல் இருக்க முடியாது. தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி கிட்டத்தட்ட நேர் வடக்கு. காலையில் போகும்போது சூரியன் என் வலப்பக்கம். மாலையில் தெற்கு நோக்கித் திரும்பும்போதும் சூரியன் என் வலப்பக்கமே. இரு வேளையும் ஓட்டுநர் சன்னல் வழியாக வரும் வெயில் நேரே திரையில் விழுகிறது. வீட்டு மேசைக்காகச் செய்த இந்தத் திரையின் வெளிச்சம் அதற்கு முன் ஈடுகொடுக்கவில்லை. கறுப்புப் பின்னணியில் பெரிய மஞ்சள் எண்களாக மாற்றிய பிறகே படிக்க முடிந்தது. வெயிலில் படிப்பதற்கென்றே செய்யப்படும் திரைகள் உண்டு, விலை இரண்டு மூன்று மடங்கு. மறுபடி கட்டுவதென்றால் அதைத்தான் வாங்குவேன்.

திரையைத் தாங்கும் சட்டத்தை ஓசூரில் ஓரிடத்தில் முப்பரிமாண அச்சில் செய்து வாங்கினோம், 1,100 ரூபாய். டேஷ்போர்டின் வளைவுக்கு அளவெடுத்துச் செய்தது, கச்சிதமாக உட்கார்ந்தது. ஏப்ரல் மாதம் ஒரு நாள் அலுவலக வாசலில் வெயிலில் நிறுத்தியிருந்த காரை மாலையில் திறந்தால், திரை வெட்கப்பட்ட பெண்ணைப் போலத் தலையைக் குனிந்துகொண்டு நின்றது. அச்சுக்குப் பயன்படுத்திய பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரி வாக்கிலேயே இளகத் தொடங்கும். கண்ணாடி ஏற்றிய காருக்குள் கோடைப் பிற்பகலில் டேஷ்போர்டு அந்தச் சூட்டை எளிதாகத் தொடும். காரில் வைக்கப் போகிறோம் என்று சொல்லித்தான் கொடுத்தோம். அவர்கள் இதை முன்பே எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் மறுபடி அச்சடிக்க 1,600 ஆனது. அது இந்த மே மாதத்தைக் குனியாமல் தாண்டிவிட்டது.

இவ்வளவு பாடுபட்டதற்கும் பலன் உண்டா என்றால், பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சொல்வேன். சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்தில் வழக்கமாக 95-இலிருந்து 98-க்குள் ஏறி, ரேடியேட்டர் ஃபேன் ஓடியதும் இறங்கிவிடும் கூலன்ட் சூட்டு எண், அன்று 101, 103 என்று ஏறிக்கொண்டே போனது. ஏசியை நிறுத்தினேன், இறங்கவில்லை. 107 வந்ததும் ஓரம்கட்டி இன்ஜினை நிறுத்தினேன். சிவப்பு விளக்கு எரியவில்லை. அரை மணி நேரம் ஆறவிட்டுப் பார்த்தால் கூலன்ட் பாட்டில் காலி. கீழ் ஹோஸில் கிளிப் பக்கத்தில் மயிரிழைக் கீறல், அதைச் சுற்றிப் பச்சையாகக் காய்ந்த கறை. அதே ஏற்றத்தில் விளக்குக்காகக் காத்திருந்தவர்களுக்கு ஹெட் கேஸ்கெட் வேலை வந்து எவ்வளவு செலவாயிற்று என்பதை எந்த மெக்கானிக்கும் சொல்வார். எனக்கு ஒரு ஹோஸும் இரண்டு லிட்டர் கூலன்ட்டும் ஆயின.

வரைபடமும் பாட்டும் மட்டும் வேண்டும் என்பவர்கள் இந்த வம்புக்கே வர வேண்டாம். இதைவிடக் குறைந்த விலைக்கு ஆயத்த ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ கிடைக்கும், ஒரு மணி நேரத்தில் மாட்டித் தருவார்கள், ஓபிடி அடாப்டரைப் புளூடூத்தில் சேர்த்தால் சூட்டையும் காட்டும். நான் கட்டியது எனக்கு வேண்டியபடி எண் பெரிதாகவும் 102-ஐத் தாண்டினால் சத்தம் போடும்படியும் இருக்கிறது. அந்த வசதிக்காகக் கூடுதலாகக் கொடுத்த பணமும் அலைச்சலும் எல்லாருக்கும் ஒத்துவராது.

கடைக்கு மறுபடியும் போவேனா என்றால், போவேன். போகிறவர்கள் மாங்காய் சீசனைத் தவிர்த்து, பிற்பகல் மூன்று மணிக்கு மேல் போவது நல்லது. அப்போதுதான் டிராக்டர் கூட்டம் குறைந்திருக்கும். கன்வர்ட்டரையும் டைமர் ரிலேயையும் நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள், இணைப்புப் படத்தைத் தாளில் வரைந்து கையில் கொடுங்கள். என் காருக்கு வரைந்த தாளை அவர் பியூஸ் டப்பாக்களுக்கு மேலே சுவரில் ஒட்டிவைத்திருக்கிறார். போன வாரம் பார்த்தேன், அதன் ஓரத்தில் "டிவி வயரிங்" என்று ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருந்தது.